பால்கனிக்காரருக்கு ஏற்ற மென்பொருள்

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்து கணினியைத் திறந்தேன். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். என் வலைப்பூ இருக்கிற இலவசத் தளத்தை இந்த மாதம் முப்பதாம் தேதியோடு மூடுகிறார்களாம். வேண்டியவர்கள் தங்கள் பதிவுகளை இறக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கீழே 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று ஒரு பூப்படம் வேறு. வீட்டைக் காலி செய்யச் சொல்கிற ஹவுஸ் ஓனர்கூட இதைவிட அவகாசம் கொடுப்பார்.

வலைப்பூவின் பெயர் 'தொட்டிச்செடி'. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காய்க்கிற கத்திரி, தக்காளி, அதில் விழுகிற பூச்சி, அந்தப் பூச்சிக்கு நான் செய்கிற வைத்தியம், இவ்வளவுதான் அதில் இருக்கும். லட்சம் பேர் படிக்கிறார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். என் வாசகர்கள் எல்லோரையும் ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார வைத்துவிடலாம், யாரும் நின்றுகொண்டு வர வேண்டியதில்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டுப் போயேன், இதற்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்றார். குரூப் என்றால் எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அது தோட்டத்துக்குச் சரிப்படாது என்றேன். தோட்டத்துக்கும் போன் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். ரசத்தை ஊற்றினேன்.

செப்டம்பர் 4, புதன்

ரெஜினாவுக்குப் போன் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. இப்போது அவளுடைய சர்ச் பாடகர் குழுவுக்கு ஒரு வலைப்பூ நடத்துகிறாள். நான்கு மென்பொருள் பெயர் சொன்னாள். நான்கும் நான்கு விதம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார், பிடிக்காவிட்டால் அழித்துவிடு, காசு பணம் கேட்க மாட்டார்கள் என்றாள்.

எனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். தமிழ் எழுத்து பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

இவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாலு வரன் வந்திருக்காக்கும் என்று கேலி செய்கிறார்.

செப்டம்பர் 6, வெள்ளி

முதல் வரன் பெரிய இடம். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த கம்பெனி. பத்து நிமிஷத்தில் வலைப்பூ தயாராகிவிட்டது. பளிச்சென்று இருக்கிறது, கைப்பேசியிலும் நன்றாகத் தெரிகிறது. பின்னூட்டம் போடுகிறவர்கள் மட்டும் அவர்கள் கணக்கில் லாகின் செய்துவிட்டுத்தான் போட முடியும். கணக்கில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் வரும்.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எழுத்துரு நன்றாக இல்லை. 'ழு' பார்க்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கத்திரியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தேன். மதியம் கேஸ் வந்தது.

இரண்டாவது மென்பொருள் ஒரு சாமியார். ஒன்றுமே வைத்துக்கொள்ளாது. எழுதியதை அப்படியே பக்கமாக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனால் சீக்கிரம் திறக்கும், யாரும் புகுந்து கெடுக்க முடியாது, மாதாமாதம் பராமரிக்க வேண்டியதும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டும். அதற்கெல்லாம் நான் பயந்தவள் இல்லை. ஒரு காலத்தில் இரண்டு கையிலும் வயரை வைத்துக்கொண்டு பாதி ஜில்லாவைப் பேச வைத்தவள்.

ஆனால் அதில் பின்னூட்டப் பெட்டி கிடையாது. வேண்டுமானால் வெளியிலிருந்து ஒன்றை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், அதற்கும் லாகின் வேண்டும். இவ்வளவு வேகமாகத் திறந்து யாருக்கு என்ன லாபம்? இதுவும் வேண்டாம்.

செப்டம்பர் 11, புதன்

ரெஜினா கூப்பிட்டாள். முதலாவதை ஏன் விட்டாய் என்றாள். 'ழு' கதையைச் சொன்னேன். 

"எழுத்துருவ மாத்திக்கலாம்னு உனக்குத் தெரியாதாக்கும்? ஏட்டி வடிவு, நீ மென்பொருள் பாக்குதியா, இல்ல யாருக்காச்சும் கதவத் தெறந்து வைக்கப் பாக்குதியா?"

அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

என் டைரியில் நானே எதற்கு ஒளிந்து விளையாட வேண்டும்? எழுதிவிடுகிறேன்.

என் வலைப்பூவில் பால்கனிக்காரர் என்ற பெயரில் ஒருவர் ஐந்து வருஷமாகப் பின்னூட்டம் போடுகிறார். முதல் முதலாக, 'என் பால்கனியில் தக்காளி இலை சுருண்டு போகிறது, என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தார். புளித்த மோரை நீர்க்கக் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். நன்றி சொன்னார். அடுத்த மாதமும் இலை சுருண்டது. பிறகு நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்த கதையை ஒரு பதிவில் எழுதினேன். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத, பால்கனிக்காரர் மட்டும், 'சின்ன வயதிலிருந்தே படியைப் பார்க்காமல் நடந்தால் இப்படித்தான்' என்று எழுதினார். என் சின்ன வயது பால்கனிக்காரருக்கு எப்படித் தெரியும்?

என் அண்ணன் குற்றாலிங்கம். சென்னையில் இருக்கிறான். அவன் வீட்டுப் பால் காய்ப்புக்குப் போய், அடுப்பில் பாலைப் பொங்க விட்டவளே நான்தான். தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த வீட்டில் பால்கனி கிடையாது, வெயிலும் கிடையாது. அங்கே தக்காளி முளைத்தால் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடிப்பார்கள்.

நாங்கள் பேசி ஆறு வருஷம் ஆகிறது. என் மகள் நித்திலா கல்யாணத்தில் வந்த வினை. எங்கள் பக்கம், சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். பெற்றவர்கள் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ரயிலேறினோம். தாம்பரத்தில் இறங்கும்போது இவர், தன் பழைய ஆபீசர் இங்கேதான் இருக்கிறார், அன்று சாயங்காலம் மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறார், ஒரு எட்டு போய்ப் பத்திரிகை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றார். வைத்தோம். அந்த மனுஷன் சந்தோஷம் தாங்காமல் பத்திரிகையோடு எங்களைப் போட்டோ எடுத்து உடனே பேஸ்புக்கில் போட்டுவிட்டார். நாங்கள் ஆட்டோவில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே போட்டோ அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டான், காப்பி கொடுத்தான். முதல் பத்திரிகை தாம்பரத்துலயே இறங்கிட்டுதோ என்று ஒரே ஒரு கேள்வி. கல்யாணத்துக்கு வரவில்லை. மாலை எடுத்துக் கொடுக்க மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்து உறவு நின்றது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், அவன் நம்பரை மட்டும் அதன் பிறகு சுற்றவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அம்மா எங்களைப் பார்த்து, சாப்பாடு ஆறுதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு என்பாள். அப்பா எங்களைப் பார்த்து, வாரேன்னு சொல்லு என்பார். அந்த வீட்டில் வளர்ந்த எங்களுக்கு ஜாடை பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது, இடம் மாற்றி நட்ட செடி நாலு நாள் வாடும், பிறகு தலைதூக்கும் என்று ஒரு பதிவு போட்டேன். தலைதூக்கிவிட்டதா என்று கேட்டார் பால்கனிக்காரர். தூக்கிவிட்டது, படி ஏறுகிறது என்று பதில் போட்டேன். செடி எப்படிப் படி ஏறும் என்று ஈரோட்டிலிருந்து ஒரு அம்மாள் குழம்பிப் போய்க் கேட்டிருந்தார்.

எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்று ஒரு மென்பொருள் கேட்டால் அவன் எழுத மாட்டான். அவன் வீம்பு எனக்குத் தெரியும். எனக்கும் அதே வீம்புதானே.

செப்டம்பர் 15, ஞாயிறு

நித்திலா பேசினாள். அவளும் மாப்பிள்ளையும் சென்னையில்தான். மாமா வீட்டுக்கு அவள் மட்டும் போக வர இருக்கிறாள், அதில் நான் தலையிடுவதில்லை. வழக்கம்போல, அந்தப் பக்கம் மழையா என்று கேட்டேன். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமாவுக்கு நெஞ்சுல அடைப்பும்மா. இருபத்துநாலாம் தேதி ஆபரேஷன். நீயே ஒரு வார்த்தை கேட்டா என்னம்மா?"

நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்றேன். குரல் சரியாக வரவில்லை. ஜலதோஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிறகு வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். முந்தாநாளே எழுதியிருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை. 'கொஞ்ச நாள் வெளியூர் போகிறேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்தைத்தான் பார்ப்பேன். தோட்டம் இங்கேயே இருக்கும் அல்லவா?'

இருக்காது. முப்பதாம் தேதிக்குப் பிறகு இந்த முகவரியில் ஒன்றுமே இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தேடுவான், வெள்ளைத் திரைதான் வரும். சொல்லாமல் கொள்ளாமல் கடையைக் கட்டிவிட்டாள் என்று நினைப்பான். 'இருக்கும்' என்று பதில் எழுதிவிட்டேன். எழுதிவிட்டுத்தான் காலண்டரைப் பார்த்தேன், பதினைந்து நாள்தான் இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மூன்றாவது மென்பொருள், பதிவுகளைக் கடிதம் மாதிரி வாசகர்களின் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் சந்தா சேர்ந்தவர்கள் மட்டும்தான் பின்னூட்டம் போடலாம், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பக்கவாட்டில் வரிசையாகக் காட்டும். சபையில் எழுந்து நின்று கும்பிடு போடச் சொல்கிற கணக்கு. நான் ரெஜினாவிடம் இதற்கு எழுத்துருவைக் காரணம் சொல்லவில்லை. பெயர் சொல்லாதவர்களும் எழுத வேண்டும், பழைய பின்னூட்டம் ஒன்றுகூட விடாமல் கூட வர வேண்டும், இரண்டும் எதில் நடக்கும் என்று நேராகக் கேட்டேன்.

யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. நாலாவதைப் பார் என்றாள்.

செப்டம்பர் 19, வியாழன்

நாலாவது குடித்தனக்காரன். மென்பொருள் இலவசம், இடம் மட்டும் நாமே வாடகைக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் இதை நிறுவி, பூட்டு சாவி எல்லாம் நம் கையில் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு எவனும் பூப்படம் போட்டுக் காலி செய்யச் சொல்ல முடியாது. தொந்தரவும் உண்டு. அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், விளம்பரக் குப்பையை நாமேதான் கூட்டித் தள்ள வேண்டும், ஏதாவது கெட்டுப்போனால் நாமேதான் சரிசெய்ய வேண்டும். ரெஜினா எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விட்டாள்.

நான் நேராக செட்டிங்ஸில் பின்னூட்டப் பகுதிக்குப் போனேன். 'பின்னூட்டமிடுவோர் உள்நுழைந்திருக்க வேண்டும்' என்று ஒரு கட்டம். டிக்கை எடுத்தேன். எடுக்க வந்தது. வேறெதையும் பார்க்கவில்லை, இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இவர் எட்டிப் பார்த்து, வரன் முடிஞ்சிட்டா என்றார். முடிந்தது என்றேன். பாயசம் உண்டா என்றார். சேமியா இருந்தது, வைத்தேன்.

செப்டம்பர் 21, சனி

பழைய தளத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கி, புதியதில் ஏற்றினேன். ஏறியது. திறந்து பார்த்தால் தமிழே இல்லை. தலைப்பு, பதிவு, பின்னூட்டம் எல்லாம் கேள்விக்குறிகள். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. என் கத்திரி, தக்காளி, ஈரோட்டு அம்மாள், பால்கனிக்காரர், எல்லோரும் ஒரே கேள்விக்குறி.

அழுகை வந்தது. அழுதேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரெஜினா சர்ச்சுக்குப் போய்விட்டாள். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன், இவர் ஊற்றியிருக்கிறார்.

செப்டம்பர் 23, திங்கள்

சரியாகிவிட்டது!

கோப்பில் ஒரு குறையும் இல்லை. வாடகைக்குப் பிடித்த இடத்தில் தகவல்களைப் போட்டு வைக்கிற கிடங்கு, பழைய கால முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு ஆங்கில எழுத்துதான் தெரியும், மற்றதெல்லாம் அதற்குக் கேள்விக்குறி. ரெஜினா வீட்டுக்கே வந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிடங்கை அழித்து, எல்லா மொழியும் தெரிந்த முறையில் புதிதாக அமைத்து, மறுபடியும் ஏற்றினோம். முதலில் 'தொட்டிச்செடி' என்று தலைப்பு வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. நான் கீழே கீழே இறக்கிக்கொண்டே போய் ஐந்து வருஷத்துக்கு முந்தைய பதிவில் நின்றேன். 'என் பால்கனியில் தக்காளி இலை சுருண்டு போகிறது.' அட்சரம் பிசகாமல் இருந்தது.

ரெஜினா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இதுக்குத்தானாட்டி இவ்வளவும் என்றாள். இதுக்குத்தான் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் காப்பி கொண்டு வா என்றாள். அவள் கேட்காமல் விட்டதற்கு இரண்டு ஸ்பூன் சீனி கூடவே போட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலையிலிருந்து மாடியிலேயே இருந்தேன். களை எடுத்தேன், மண்ணைக் கிளறினேன். கிளற வேண்டியதில்லாத தொட்டியையும் கிளறினேன். இவர் இரண்டு தடவை வந்து, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணி வாக்கில் நித்திலா கூப்பிட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார், பயப்பட ஒன்றுமில்லை. போனைப் பிடித்தபடியே தக்காளித் தொட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்காரக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது என்று கதைகளில் எழுதுவார்கள். நிஜமாகவே இறங்குகிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன்.

புது இடத்தில் எல்லாம் தயார். பழைய வாசகர்களுக்குப் புது முகவரியைச் சொல்ல வேண்டுமே என்று தேடினால், அதற்கு மென்பொருளோடு சேர்த்துக்கொள்கிற ஒரு சின்னத் துணைக் கருவி, பிளகின் என்கிறார்கள், இருக்கிறது. பின்னூட்டம் போட்டவர்கள் வெளியே தெரியாமல் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள், அவை எல்லாவற்றுக்கும் 'இங்கே குடி வந்துவிட்டோம்' என்று தானாகவே அனுப்பிவிடும். அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அமுக்கினேன். அதற்கு முன்னால், வருகிறவர்கள் பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று, 'பின்னூட்டமிடுவோரின் படத்தைக் காட்டு' என்ற கட்டத்திலும் டிக் போட்டிருந்தேன். ரெஜினாவின் வலைப்பூவில் பார்த்திருக்கிறேன். ஆளாளுக்கு ஒரு கோலம் போட்ட சதுரம் வரும், பார்க்க நன்றாக இருக்கும்.

துணி காயப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். ஈரோட்டு அம்மாளுக்குக் கோலம். மற்றவர்களுக்கும் கோலம். பால்கனிக்காரருக்கு மட்டும் என் அண்ணனின் முகம்.

ஒவ்வொரு பின்னூட்டத்துக்குப் பக்கத்திலும் அதே முகம். யாராவது தங்கள் மின்னஞ்சல் முகவரியோடு எங்கேயாவது ஒரு படத்தைச் சேர்த்து வைத்திருந்தால், இந்த மென்பொருள் அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து ஒட்டிவிடுமாம். எப்போதோ ஆபீஸ் வேலைக்காகச் சேர்த்து வைத்திருப்பான், மறந்திருப்பான். ஐந்து வருஷமாக முகத்தை மூடிக்கொண்டு வந்தவனை ஒரு டிக்கில் தெருவில் நிறுத்திவிட்டேன். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இந்த வலைப்பூவைப் பார்க்கிறவர்கள். தங்கச்சியோட பேச மாட்டானாம், தக்காளியோட பேசுவானாம் என்று சிரிக்க மாட்டார்களா? அவனுக்கு அது தெரிந்தால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

டிக்கை எடுத்தேன். முகம் போய்விட்டது. ஆனால் மின்னஞ்சல் போய்விட்டது, அதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அந்த நேரத்தில் யார் யார் பார்த்தார்களோ.

ஒன்றை எழுத வேண்டும். அந்தப் படம் பெரிய படத்திலிருந்து வெட்டி எடுத்தது. அவன் இடது தோளில் ஒரு கை இருக்கிறது, கையை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறான். கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருக்கிற கை. எக்ஸ்சேஞ்சில் வயரைப் பிடித்துக்கொண்டே நேரம் பார்க்க நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். அவன் வீட்டுப் பால் காய்ப்பன்று எடுத்த படம். அது என் கை.

செப்டம்பர் 30, திங்கள்

பழைய தளம் சொன்னபடி மூடிவிட்டார்கள். வெள்ளைத் திரை.

புது இடத்தில் ஈரோட்டு அம்மாள் முதல் ஆளாக வந்து வாழ்த்தியிருக்கிறார். இன்னும் பலர் வந்துவிட்டார்கள். பால்கனிக்காரர் வரவில்லை. ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறான், எப்படி வருவான்.

அக்டோபர் 2, புதன்

நித்திலா சொன்னாள், மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மெதுவாக நடக்கிறாராம், இட்லி சாப்பிட்டாராம். நிம்மதி. கைப்பேசி எல்லாம் பார்க்கிறாரா என்று கேட்டேன். நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறார் என்றாள்.

வலைப்பூவைப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

வெண்டைக்காய் பறித்தேன். பதிவு எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இரண்டு வரி எழுதி அழித்தேன். யாருக்கு எழுதுகிறேன் என்று நினைத்ததும் கை நின்றுவிடுகிறது.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாகப் பார்க்கிறேன், ஒரு மாதிரி இருக்கிறாய் என்றார். மென்பொருளில் ஒரு சின்னக் கோளாறு என்றேன்.

"கோளாறு ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீ துணி காயப் போடப் போனப்ப நானும் பாத்தேன். மச்சான் மூஞ்சி நல்லாத்தான இருக்கு, அத எதுக்கு அணைச்சு வச்சிருக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால்கனிக்காரர் யார் என்று இவருக்கு முதல் வருஷமே தெரியுமாம். மற்றவர்களுக்குப் பதில் எழுதும்போது சத்தமில்லாமல் எழுதுவேனாம், அந்த ஒரு ஆளுக்கு மட்டும் எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புவேனாம். எக்ஸ்சேஞ்ச் புத்தி. பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். சொன்னா நீ எழுதுவியா என்று கேட்டார். 

அவர் எழுந்து போன பிறகு செட்டிங்ஸைத் திறந்தேன். வெகு நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், நான் மறைத்து வைத்தேன் என்று இருக்கக் கூடாது. சிரிக்கிற சொந்தக்காரர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அவர்கள் வீட்டுத் தக்காளி மட்டும் என்ன வாழ்கிறது? டிக் போட்டேன். அண்ணன் முகம் வந்தது. தோளில் என் கையும் வந்தது.

அதன் பிறகு பதிவு தானாக வந்தது. வெண்டைக்காயைப் பற்றித்தான்.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து திறந்தால் வெண்டைக்காய்ப் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம். பெயர் இருக்கிற இடத்தில் பால்கனிக்காரர் இல்லை. குற்றாலிங்கம் என்று இருந்தது.

'தோட்டக்காரம்மாவுக்கு. வெளியூரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். புது இடம் விசாலமாக இருக்கிறது. என் படத்தில் தோளில் இருப்பது யார் கை என்று நித்திலா கேட்கிறாள். என்ன பதில் சொல்லட்டும்?'

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று விதமாக எழுதினேன், மூன்றையும் வாய்விட்டு வாசித்தேன், மூன்றும் நன்றாக இல்லை. இவர் சமையலறையிலிருந்தே, அத எழுதுறதுக்கு நம்பரச் சுத்தலாம்லா என்றார்.

சுற்றினேன். ஆறு வருஷமாகியும் நம்பர் விரலில் இருந்தது. எடுத்ததும் அவன்தான். சொல்லு வடிவு என்றான், நேற்றுத்தான் பேசி வைத்த மாதிரி. குரல் மெலிந்திருந்தது. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. லைன் உயிரோடு இருக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் பேசாவிட்டாலும் நாங்கள் அதைத் துண்டிக்க மாட்டோம்.

அவன்தான் ஆரம்பித்தான்.

"எங்க வீட்டுல பால்கனி கெடையாதுன்னு உனக்குத் தெரியும்லா. பொறவு எதுக்குட்டி அஞ்சு வருஷமாத் தக்காளிக்கு வைத்தியம் சொன்ன?"

"கேட்டிருந்தா நீ எழுதுறத நிறுத்தியிருப்பண்ணே."

சிரித்தான். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். நான் அழுதேன், அவன் கண்டுபிடித்துவிட்டான், ஜலதோஷமா என்று கேட்டான். நித்திலா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இவர் டிக்கெட் போட்டுவிட்டார். தாம்பரத்தில் இறங்கி நேரே மச்சான் வீடுதான், வழியில் ஒரு டீ கூடக் கிடையாது என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மாடிக்குப் போய், என்ன கொண்டு போகலாம் என்று பார்த்தேன். அந்த வீட்டில் தக்காளி வளராது. தண்ணீர்த் தொட்டி நிழலில் நிற்கிற வெற்றிலைக் கொடிக்கு வெயில் தேவையில்லை. ஒரு சின்னத் தொட்டியாகப் பார்த்துக் கொடித் துண்டு நட்டு, மண் சிந்தாமல் சாக்கு சுற்றி, கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.